ஆட்சேபணை

நாகர்கோவில் அலுவலகத்தில்
என் மேசைமேல் இரண்டு தாள்கள்.
ஒன்று சூசைத்துறைக்காரர் மனு:
தூண்டில் வளைவு வேண்டும்,
முந்நூற்றிருபது மீட்டர்.
போன ஆனியில் பதினொரு வீடு போயிற்று,
கல்லறைத் தோட்டத்தில் தென்வரிசையும்.
மற்றது அலங்காரத்துறைக்காரர் எழுதியது:
அந்த வளைவு வேண்டாம்.

இரண்டிலும் பங்குப் பேரவை முத்திரை.
இரண்டிலும் ஒரே தேதி.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு.
கல்லூரியில் படித்தேன்,
பிறகு முட்டத்தில் நனைந்து நின்று பார்த்தேன்.
கல் கடலை நிறுத்தாது.
அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கும்.

திங்கள்சந்தை டீக்கடையில் டிவி ஓடியது.
நம் வானத்துக்கு ஒரு கூரை வரப்போகிறதாம்,
வரும் ஏவுகணையை வழியிலேயே உடைக்க
இங்கிருந்து இன்னோர் ஏவுகணை.
எதிர்நாடு நம் தூதரை வரவழைத்து
நிற்கவைத்தே கண்டனம் சொல்லியிருக்கிறது.
கூரை போடுவது குற்றமா என்றார்
பதக்கம் குத்திய ஒருவர்.
கூரை இருக்கிற தைரியத்தில்
நீங்கள் கல்லெறிவீர்கள் என்றார்கள் அவர்கள்.

ஜீப் ஓட்டும் சுயம்புலிங்கம் சிரித்தார்.
"நம்ம கூரைக்கு அடுத்த வீட்டுக்காரன்ட்ட
கேக்கணுமாக்கும்?"
பாதி வழியில் அவரே சொன்னார்:
அவர் போட்ட கூரையின் ஓட்டு நீர்
பக்கத்து முற்றத்தில் விழுந்து
இரணியல் கோர்ட்டில் ஏழு வருசம்.
"தோத்தீங்களா?"
"கூரைக்குத் தோக்கல. தண்ணிக்குத் தோத்தேன்."

சூசைத்துறையில் டெல்பினா
ஒரு நிலைக்கதவைக் காட்டினாள்.
சுவர் இல்லை. பூட்டு இருந்தது.
சாவியை இன்னும் இடுப்பில் வைத்திருந்தாள்.
"அவியளுக்கு வந்தா அவிய கேக்கட்டும்.
எனக்கு இந்த ஆடிக்குள்ள வேணும்."
அவள் பின்னால் ஓர் அலை வந்து
கதவைத் தட்டாமல் உள்ளே போனது.

அலங்காரத்துறையில் பெர்க்மான்ஸ்
என்னை உட்காரச் சொல்லவில்லை.
"அவிய கல்லு போட்டா நாங்களும் கேப்போம்.
எங்களுக்கு அடுத்தவனும் கேப்பான்."
விரல் மடக்கி ஊர் ஊராக
கிழக்கே எண்ணிக்கொண்டு போனார்.
பத்தாவது விரலில் குமரிமுனை.
"அதுக்கப்புறம்
கடல யாருட்ட அனுப்புவிய, மேடம்?"

திரும்பும்போது பேசவில்லை நாங்கள்.
ஜெபமாலைக்கு மணி அடித்தது எங்கோ.

எல்லா ஆட்சேபணையும் ஒன்றல்ல.
ஒருவன் எழுதுகிறான்,
உன் சுவரால் என் வீடு இடியுமே என்று.
ஒருவன் எழுதுகிறான்,
உன் வீடு இடியாமல் போகுமே என்று.
வாசகம் ஒன்றுதான்,
கீழே அதே "தங்கள் உண்மையுள்ள".
கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும்
எது எதென்று தெரியாது.
பெர்க்மான்ஸ் முதல் வகை, எனக்குத் தெரியும்,
அவர் திண்டில் உப்புக்கோடு இருந்தது.
டிவியில் வருகிறவர்களின் வீட்டு அடிக்கல்லை
நான் எங்கே போய்ப் பார்க்க?

கூரை வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் வராது.
டெல்பினாவிடம் போய்
நீ நனைவதுதான் சமாதானம் என்று
எந்தத் தமிழில் சொல்வது.

இரவு ஒன்பதரைக்குச் செய்தி:
சோதனை வெற்றி.
ஒன்பதே முக்காலுக்கு இன்னொன்று:
எதிர்நாடு ஏவுகணைகளை
இரட்டிப்பாக்கப் போகிறது.
கால்மணி நேரந்தான்
கடல் அடுத்த ஊருக்குப் போக.

எழுதினேன். பரிந்துரைக்கப்படுகிறது.
படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில்:
இரண்டு ஊரையும் ஒரே பாயில் உட்காரவைத்து
நீளத்தைக் குறைத்துப் பேச வேண்டும்.
மேற்கில் சேரும் மணலை வருடந்தோறும்
அள்ளிக் கிழக்கே கொட்ட வேண்டும்,
நம் செலவில்.

செயற்பொறியாளர் சிவப்புப் பேனாவை
அந்த வரிமேல் வைத்துக்கொண்டு கேட்டார்:
"பாதுகாப்பு வேலைதானே இது,
அடுத்த ஊருக்கு நாம எதுக்கு மண் சுமக்கணும்?"

"ஓட்டு நீர், சார்."

அவருக்குப் புரியவில்லை.
பேனா இன்னும் எடுக்கப்படவில்லை.
வெளியே ஜீப்பில்
சுயம்புலிங்கம் ஹாரன் அடிக்கிறார்.